நகராத சட்டி

எக்ஸ்பிரஸ் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. தொழிற்சாலைக் கேண்டீனின் தலைமைச் சமையற்காரி அவள். அந்தப் பெயரை யார் வைத்தார்களோ தெரியாது, வைத்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம். வெங்காயம் வதங்கிக்கொண்டிருக்கும்போதே அரிசி எங்கே என்பாள். ஆள் போய் எடுத்து வருவதற்குள் தானே போய் மூட்டையைப் பிரித்திருப்பாள். டீ குடிப்பதும் நின்றபடிதான். ஒரு கையில் டம்ளர், மறு கையில் கரண்டி. ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

இப்பேர்ப்பட்டவள் தன் வீட்டு அடுப்பைத் தொடுவதில்லை என்றால் நம்புவீர்களா? அக்கம்பக்கத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடுகிறவள் வீட்டில் கைகட்டிக்கொண்டு சாப்பிடுகிறாளாம். சிரிக்கட்டும். கல்யாணமான புதிதில் அவளும் சமைத்துப் பார்த்தாள். கேண்டீன் கை சும்மா இருக்குமா, இருவருக்குப் பொங்கியதை இரண்டு பேரும் நாள் கணக்கில் தின்று தீர்த்தார்கள். அளவைக் குறைத்தால் உப்பு ஓடியது, உப்பைப் பிடித்தால் காரம் ஓடியது. கடைசியில் புருஷன் கரண்டியை வாங்கிக்கொண்டார். "நாளெல்லாம் அடுப்புல நின்னுட்டு வர்ற. இங்கயாவது சும்மா இரு" என்றார். அன்றிலிருந்து வீட்டு அடுப்பு அவருடையது.

அவர் டவுன் பஸ் ஓட்டியவர். வீட்டிலும் தெருவிலும் அவர் பெயர் டிரைவர்தான். அவளைப் போலப் பறப்பவர் இல்லை. சிக்னலில் நிற்கிற மாதிரியே அடுப்பின் முன்னும் நிற்பார். அவரிடம் ஒரு வார்ப்பிரும்புச் சட்டி இருந்தது. அகலமாக, உயரம் குறைவாக, கனத்த மூடியோடு. ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லையென்றால் அதில் இறைச்சி ஏறும். துண்டுகளை ஒன்றோடொன்று இடிக்காமல் அடியில் பரப்பி, நன்றாகச் சிவக்கவிட்டு, வெங்காயத்தைப் போட்டுப் புரட்டி, அடி நனையும் அளவுக்குத் தண்ணீர் விட்டு மூடிவிடுவார். பிறகு தீயைச் சிறிதாக்கிவிட்டுச் செய்தித்தாள் படிப்பார். வீடே வாசனையில் மிதக்கும். ஆனதும் இரண்டு துணிகளைக் கையில் சுற்றிக்கொண்டு சட்டியை அப்படியே தூக்கி வந்து மேசையின் நடுவில் வைப்பார். "வண்டி கிளம்புது, ஏறிக்கோங்க" என்று மூடியைத் திறப்பார். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதைக் கேட்கவே மேசைக்கு முதலில் ஓடி வருவாள்.

இப்படியே போயிருந்தால் சொல்ல ஒரு கதையும் இல்லை. ஒருநாள் காலையில் டிரைவர் பல் துலக்கிக்கொண்டே சாய்ந்தார். பக்கவாதம். உயிர் தப்பியது, கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, பேச்சும் திரும்பியது. வலது கை மட்டும் வரவில்லை. அவருடைய கைதான், ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

அவர் நடக்க ஆரம்பித்ததும் செய்த முதல் காரியம் சமையலறைக்குப் போனதுதான். அவளும் தடுக்கவில்லை. மெதுவாகத்தான் சமைத்தார், ஆனால் சமைத்துவிட்டார். வினை அதற்குப் பிறகு வந்தது. பழக்கம் விடுமா? சட்டியை மேசைக்குத் தூக்க ஒற்றைக் கையைக் கொடுத்தார். சட்டி தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. வார்ப்பிரும்புக்கு உடையத் தெரியும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். அவர் பாதம் மயிரிழையில் தப்பியது. குழம்பு நாற்காலிக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்க, அவர் அதைப் பார்த்தபடியே நின்றார். திட்டினாலாவது பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. போய் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்தான், அதுவே அவர் இடமாகிப்போனது.

அடுப்பு அவளிடம் வந்தது. அவள் சமைப்பதை அவர் குறை சொல்லாமல் சாப்பிட்டார். முன்பெல்லாம் அவள் போடுகிற டீயைக்கூட விடமாட்டார், "இதை எத்தனை பேருக்குப் போட்ட?" என்பார். இப்போது உப்பில்லாத சோற்றையும் கரிந்த காயையும் ஒன்றுபோலவே தின்றார். அதைத்தான் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

விஷயம் மகள் காதுக்குப் போனது. வேறு ஊரில் இருப்பவள், அப்பா மேல் உயிர். நீ வேலைக்குப் போனபிறகு அவர் தனியாக இருந்து இன்னொன்றைக் கீழே போட்டுக் காலை உடைத்துக்கொண்டால் யார் பொறுப்பு என்று போனிலேயே அழுதாள். மாதக் கடைசி ஞாயிறு வந்து அப்பாவை அழைத்துப் போகிறேன், இனி என்னோடு இருக்கட்டும், நீயும் வேலையை விட்டதும் வந்துவிடு என்றாள். வேலையை விடுவதா! எக்ஸ்பிரஸ் அந்தப் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவள் கேட்டது அவரிடம்தான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றாள்.

"சரி" என்றார் அவர்.

அந்தச் 'சரி' அவளைப் போட்டுப் படுத்தியது. ஒரு வாதம், ஒரு எதிர்ப்பு, ஒன்றும் இல்லாத 'சரி'. பக்கத்துத் தெருவில் வீடு மாறலாம் என்றதற்கே ஒரு வருஷம் சண்டை போட்டவர் அவர். இனி இவர் அங்கே, நான் இங்கே, வேலை முடிந்து வந்தால் இருட்டு வீட்டைத் திறக்க வேண்டும் என்று நினைத்தாள். அழுதுகொண்டே துணி மடித்தாள், மடித்ததையே மறுபடி மடித்தாள். பிறகு ஒரு முடிவுக்கு வந்தாள். மகள் வருகிற ஞாயிறு இவர் கையால் சமைத்துப் போட வேண்டும். அடுப்பு திரும்பக் கிடைத்தால் இவர் போகமாட்டார். அதற்கு வேண்டியது ஒரு சட்டி. இவர் தூக்கக்கூடிய அளவில் ஒரு சட்டி.

பாத்திரக்கடை கேண்டீனிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் இருந்தது. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே கடையெங்கும் தேடுகிற ஆள். வார்ப்பிரும்புச் சட்டிகளைப் பெரிதுக்குள் சிறிதாக அடுக்கி வைத்திருந்தார். எக்ஸ்பிரஸ் எல்லாவற்றையும் கலைத்தாள். வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இடது கையால் ஒவ்வொன்றாகத் தூக்கினாள். கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எங்கேயாவது போட்டி நடக்கிறதா அக்கா என்றார். அவள் முறைத்த முறைப்பில் கண்ணாடி நெற்றியிலிருந்து தானாக மூக்குக்கு இறங்கியது. நடுத்தர அளவு ஒன்று கையில் நின்றது. அதை எடுத்தாள்.

வீட்டில் டிரைவர் கையிலும் காலியாக இருக்கும்போது நின்றது. இறைச்சியும் வெங்காயமும் தண்ணீரும் சேர்ந்தபோது டிரைவரின் மணிக்கட்டு நடுங்கி, சட்டி அடுப்பைவிட்டு ஒரு விரல் உயரம் எழும்பி மறுபடி உட்கார்ந்துவிட்டது. எத்தனையோ பேருக்குச் சமைத்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்காதீர்கள். கேண்டீனில் சட்டியை யார் தூக்கினார்கள்?

மறுநாளே கடையில் நின்றாள். கடைக்காரர் நல்ல மனுஷன், கழுவி எடுத்து வந்ததை முனகாமல் மாற்றிக் கொடுத்தார். இரண்டு பேர்தானே, இதுவே தாராளம் என்று ஒரு குட்டிச் சட்டியை நீட்டினார். இந்தத் தடவை அவள் ஏமாறவில்லை. அதற்குள் எடைக்கற்களைப் போட்டுத் தூக்கிப் பார்த்தாள். பொம்மை மாதிரி வந்தது. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனாள்.

டிரைவர் சட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எழுந்தார். அவள் கூடவே சமையலறைக்குள் நுழைந்ததும், நீ வெளியே இரு என்றார். சரியென்று கூடத்துக்கு வந்தாள். அவளாவது இருப்பதாவது. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள். செருப்புகளை ஒழுங்குபடுத்தினாள். காதெல்லாம் உள்ளே இருந்தது. எண்ணெய் காயும் ஓசை, இறைச்சி விழும் ஓசை, பிறகு 'கர்ர்... கர்ர்...' என்று ஒரு சத்தம். இரும்பு இரும்பை உரசுகிற சத்தம். நன்றாகத்தான் கிளறுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்தாளே, ஒரு எட்டு எட்டிப் பார்த்தாளா? அதுதான் இல்லை. அவ்வளவு நேரம் சொன்ன பேச்சைக் கேட்டு நின்றது அவள் வாழ்க்கையிலேயே அன்றுதான். நிற்கக்கூடாத நேரம் பார்த்து நின்றாள்.

சத்தம் அடங்கியதும் உள்ளே போனாள். அடுப்புமேடை முழுக்க வெங்காயம். குட்டிச் சட்டிக்குள் இறைச்சி ஒன்றின் மேல் ஒன்று குவிந்து, சிவக்காமல் வெளுத்து, தன் தண்ணீரிலேயே கொதித்துக்கொண்டிருந்தது. டிரைவரின் இடது கை விரல்கள் சிவந்திருந்தன, எண்ணெய் தெறித்ததென்றே நினைத்தாள். அவள் பதறிக் குழாயைத் திறந்தாள்.

"சமையலா இது? அவியல்" என்றார் அவர். "எனக்கு வரல. விட்டுடு. அவ வரட்டும், நான் போறேன்."

அவள் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் கேண்டீனில் உப்பை இரண்டு முறை போட்டாள். மேற்பார்வையாளர் வாயில் வைத்துவிட்டு, எக்ஸ்பிரஸ் தடம் மாறிப் போகுதே என்றார். அவள் சிரிக்கவில்லை. அவள் மனசு பூராவும் ஒரே கணக்கு: இதைவிடச் சின்னது எது? இரும்பே வேண்டாமோ? தகரம்போல ஒரு மெல்லிய சட்டி வாங்கிவிடலாமோ? அதில் சிவக்குமா, அடிப்பிடிக்குமா? ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. மகள்தான். அப்பாவின் சட்டைகளை எடுத்து வைத்துவிட்டாயா என்று கேட்டாள். எக்ஸ்பிரஸ் வலது கையில் போனைக் காதோடு பிடித்துக்கொண்டு, இடது கையில் நீளக் கரண்டியால் மதியக் குழம்பைக் கிளறியபடி சண்டைக்குத் தயாரானாள். அவர் வரமாட்டார் என்றாள். வருகிறேன் என்று என்னிடமே சொன்னாரே என்றாள் மகள். அது கோபத்தில் சொன்னது என்றாள் இவள். அப்பாவுக்கு ஏதம்மா கோபம், உனக்குத்தான் அது மூக்குக்கு மேல் என்றாள் அவள். நியாயமான பேச்சுதான், அதனால் இன்னும் வேகமாகக் கிளறினாள். அடியிலிருந்து புரட்டி, ஓரத்தை வழித்து, ஒற்றைக் கையால், கையைக்கூடப் பார்க்காமல்.

அப்போதுதான் அவளுக்குக் காதில் விழாதது உறைத்தது. 'கர்ர்' இல்லை. அந்தப் பெரிய சட்டி, அவள் அத்தனை ஆத்திரத்தோடு கிளறியும், அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை தேவைப்படவே இல்லை. எத்தனை வருஷமாக ஒரு கையில் டம்ளரும் ஒரு கையில் கரண்டியுமாக இப்படியே சமைத்திருக்கிறாள்! நாள் தவறாமல் ஒற்றைக் கையால்தான் சமைத்திருக்கிறாள்.

அவரால் தூக்க முடியாதது பெரிய விஷயமே இல்லை. குட்டிச் சட்டியில் கரண்டியை விட்டால் கரண்டியோடு சட்டியும் சேர்ந்து ஓடுகிறது. பிடித்துக்கொள்ளக் கை இல்லை. அந்தச் சத்தம் கிளறுகிற சத்தம் இல்லை, சட்டி அடுப்புக் கம்பி மேல் ஓடுகிற சத்தம். ஓடுகிறதை அவர் கரண்டி பிடித்த கையின் விரலாலேயே மடக்கிப் பிடித்திருக்கிறார், அதனால் பட்ட சூடுதான் அது. சுட்டதைச் சொல்லவில்லை, வரவில்லை என்று மட்டும் சொன்னார். நான் ஒரு முட்டாள், சின்னது சின்னது என்று போய் அந்த மனுஷனின் மானத்தையும் சின்னதாக்கிவிட்டேன் என்று அவளுக்குக் கண் கலங்கியது. போனில் மகள் அம்மா அம்மா என்று கத்திக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டாள்.

மதியச் சாப்பாடு பரிமாறி முடிவதற்குள் அவள் ஏப்ரனோடு பாத்திரக்கடையில் இருந்தாள். கடைக்காரர் அவளைப் பார்த்ததுமே குட்டிச் சட்டிகளின் பக்கம் கையை நீட்டினார்.

"அது வேணாம். நகராத சட்டி குடுங்க" என்றாள்.

கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் பெரியவற்றை இறக்கினார். அவள் மேசைமேல் ஒவ்வொன்றாக வைத்து, உள்ளே கடையின் கரண்டிகளைக் கைநிறைய அள்ளிப் போட்டு, வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இடது கையால் கிளறினாள். கடைக்கு வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நடுத்தரம் ஆடியது, வேண்டாம். அதற்கு அடுத்தது கொஞ்சம் திரும்பியது, வேண்டாம். மூன்றாவது அசையவில்லை. இருப்பதிலேயே பெரியதைப் பார்த்ததும் அவளுக்கு ஆசை வந்துவிட்டது, அது இன்னும் அசையாதே! அங்கேதான் கடைக்காரர் குறுக்கே வந்தார். உங்கள் அடுப்பில் தீ எவ்வளவு அகலம் எரியும் என்று கேட்டார். அவள் விரல்களை விரித்துக் காட்டினாள்.

"அப்ப இந்தப் பெரிசு வேணாங்க்கா. நடுவுல கருகும், ஓரத்துல வேகாது. அந்த மூணாவதையே எடுத்துக்கோங்க. ஒரு நேரக் கறி அடியிலயே பரந்து உக்காந்துரும்."

வாஸ்தவம். ஆத்திரத்தில் அவள் மறுபக்கம் கவிழப் பார்த்தாள். மூன்றாவதையே எடுத்து, மூடியைத் தனியாகக் கட்டச் சொல்லி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாள். இறங்கும்போது தொடை மரத்துப்போயிருந்தது.

டிரைவர் அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உடைந்ததைவிடக் கனம். தன்னைக் கேலி செய்கிறாள் என்றே நினைத்திருக்க வேண்டும்.

"யாரு உங்களைத் தூக்கச் சொன்னா?" என்றாள் அவள். "வைக்கறதும் எடுக்கறதும் கழுவறதும் என் வேலை. நீங்க கிளறுங்க, போதும். எங்க கேண்டீன்லயும் அப்படித்தான், கிளறுறவ தூக்க மாட்டா."

அவர் முகம் இன்னும் ஜன்னல் பக்கமே இருந்தது. ஆனால் அவள் அடுப்பின் மேல் சட்டியை வைத்துவிட்டு நகர்ந்தபிறகு, மெதுவாக எழுந்துபோய், இடது கையால் அதன் விளிம்பைத் தள்ளிப் பார்த்தார். கொஞ்சம் அழுத்தித் தள்ளினார். அவள் கூடத்திலிருந்து பார்த்தாள். சட்டி நகரவில்லை.

ஞாயிறு மகள் வந்தாள், கையில் காலிப் பெட்டியோடு. அப்பா அடுப்பின் முன் இடுப்பை மேடையில் சாய்த்து நிற்பதைப் பார்த்ததும் பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினாள். எக்ஸ்பிரஸ் அவள் கையைப் பிடித்து இழுத்துக் கூடத்தில் உட்காரவைத்தாள். அவள் மட்டும் உட்காரவில்லை. தட்டுகளைத் துடைத்தாள், துடைத்த தட்டுகளையே துடைத்தாள். உள்ளே இறைச்சி சிவக்கிற ஓசை கேட்டது. கரண்டி அடியை வழிக்கிற ஓசை கேட்டது. உரசல் இல்லை. கொஞ்ச நேரத்தில் மூடி விழுந்து அடைபட்டது, பிறகு வாசனை வந்தது. அந்த வாசனை அந்த வீட்டுக்குள் வந்து எவ்வளவு காலமாயிற்று! மகள் மூக்கை உறிஞ்சினாள்.

எல்லாம் ஆனது. எக்ஸ்பிரஸ் எதை யோசித்தாலும் இந்தக் கடைசி நிமிஷத்தை மட்டும் யோசிக்கவில்லை. டிரைவர் தீயை அணைத்தார். துணியை எடுத்து இடது கையில் சுற்றிக்கொண்டார். அவர் பார்வை சட்டியிலிருந்து மேசைக்குப் போனது, மறுபடி சட்டிக்கு வந்தது. கை கைப்பிடியைப் பிடித்தது. மகள் பதறி எழுந்து, நான் கொண்டு வருகிறேன் அப்பா என்றாள்.

"தொடாதே" என்றார் அவர்.

யாரும் அசையவில்லை. அவர் முகத்தில் அந்தப் பழைய மௌனம் இறங்குவதை எக்ஸ்பிரஸ் பார்த்தாள். சொல்லலாம், நான்தான் தூக்குவேன் என்று பேசியிருந்தோமே என்று ஞாபகப்படுத்தலாம். சொன்னால் எல்லாம் போயிற்று என்று அவளுக்குத் தெரிந்தது. மேசையிலிருந்து ஒரு தட்டை எடுத்தாள். நேராகச் சமையலறைக்குள் போய், அவர் முன்னால், மதிய மணி அடித்ததும் தன் முன்னால் ஆட்கள் வந்து நிற்பார்களே, அதே மாதிரி தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள்.

டிரைவர் தட்டைப் பார்த்தார். கைப்பிடியை விட்டார். துணியை உதறி ஓரமாகப் போட்டார்.

"அதானே" என்றார். "பஸ்சு என்ன வீட்டுக்குள்ளயா வரும்? ஸ்டாப்புக்கு நீங்கதான் வரணும்." பிறகு மகளைப் பார்த்து, "நீயும் தட்ட எடுத்துட்டு வா. ஊர்லேருந்து வந்தவ முதல்ல, உங்கம்மா பின்னால நிக்கட்டும்" என்றார்.

மகள் வந்து அம்மாவுக்கு முன்னால் நின்றாள். அவர் துணியை மறுபடி எடுத்து மூடியைத் திறந்து பக்கத்து அடுப்பின் மேல் வைத்துவிட்டு, கரண்டியை எடுத்து, இரண்டு துண்டும் குழம்பும் பார்த்துப் பார்த்துப் போட்டார். சட்டி அசையவில்லை. மகள் தட்டோடு நகராமல் நின்றாள், துணி எல்லாம் எடுத்து வைத்தாயிற்றா அப்பா என்று தொடங்கினாள், முடிக்க முடியவில்லை.

"நான் வரலம்மா" என்றார் அவர். "கோவிச்சுக்காத. நாளைக்குச் சமைக்கணும்ல. இவ வேலைக்குப் போயிட்டு வந்து என்ன சாப்பிடுவா?"

மகள் தலையை ஆட்டிக்கொண்டு தள்ளிப் போனாள். தட்டில் கண்ணீர் விழுந்ததோ என்னவோ, யாரும் பார்க்கவில்லை.

இப்போது எக்ஸ்பிரஸின் முறை. வாழ்நாள் முழுக்கப் போட்டுப் பழகியவளுக்கு வாங்கத் தெரியவில்லை. கரண்டியை வாங்கலாமா, தட்டை இறக்கிப் பிடிக்கலாமா, மூடி பத்திரமாக இருக்கிறதா என்று கால் ஒரு பக்கமும் கண் ஒரு பக்கமுமாகத் துடித்தாள். டிரைவர் இடது கையில் குழம்புக் கரண்டியோடு காத்திருந்தார்.

"எக்ஸ்பிரஸ்" என்றார். சாய்ந்த நாளிலிருந்து அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. "ஆடாம நில்லு. கைல ஊத்திடப் போறேன்."

அவள் நின்றாள்.